டிரம்ப் கார்டுக்குத் திரும்பி மூன்று வருடம்

செவ்வாய்ப்பேட்டை வீட்டுப் பரணைக் காலி செய்தபோது பிஸ்கட் டப்பா ஒன்றில் என் பழைய கிரிக்கெட் டிரம்ப் கார்டுக் கட்டு கிடைத்தது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையில் அப்பாவை நச்சரித்து வாங்கியது. சுற்றியிருந்த ரப்பர் பேண்டு உருகி, மேல் கார்டின் ஓரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. மேல் கார்டு லாரா. அதிகபட்ச ஸ்கோர் 375.

விளையாடியவர்களுக்குத் தெரியும். ஒரு கார்டுக்கு ஒரு வீரர்; கார்டில் உள்ள எண்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும், யாருடையது பெரிதோ அவருக்கே இரண்டு கார்டும். லாரா கையில் இருந்தால் "ஹையஸ்ட் ஸ்கோர்" என்று கூவினால் போதும், எதிராளி கார்டு நமக்கு. 1994இல் ஆன்டிகுவாவில் அடித்தது அது. 2003இல் ஹேடன் 380 அடித்துத் தாண்டினார். ஆறே மாதத்தில் லாரா அதே ஆன்டிகுவாவுக்கு வந்து 400 போட்டார். கார்டுக்கு இதெல்லாம் தெரியாது. அதில் இன்னும் 375தான்.

அன்று இழுத்ததுதான், மூன்று வருடமாகச் சேர்க்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

முதல் ஆறு மாதம் பிரிக்காத பாக்கெட்டாக வாங்கித் தள்ளினேன். சுத்த லாட்டரி. ஒரே ஆள் நாலு தடவை வந்தார். சின்ன வயதில் டபுள் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்வோம். நாற்பது வயதில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? இப்போது வேண்டிய கார்டை மட்டும் ஒற்றையாக வாங்குகிறேன்.

அதிலும் ஒருமுறை ஏமாந்தேன். தொண்ணூறுகளின் கார்டு என்று ஆன்லைனில் ஒருவர் விற்றது, ஸ்கேன் செய்து அச்சடித்த நகல். லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அசலில் படம் புள்ளிகளால் ஆனதாக இருந்தாலும் கறுப்பு எழுத்து வழவழவென்று முழுசாக இருக்கும். எனக்கு வந்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. பணம் திரும்பவில்லை. லென்ஸ் மட்டும் மேசையிலேயே இருக்கிறது.

பெரிய தலைவலி பத்திரப்படுத்துவதுதான். போன வருடம் வேலை ஏற்காட்டுக்கு மாறியது. ஐப்பசி மழையில், ஒண்டிக்கடைப் பக்கம் பத்தடியில் நிற்கும் ஆள் தெரியாத பனிமூட்டத்தில், என் பளபளப்புக் கார்டுகள் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. அட்டை ஈரத்தைக் குடித்து விரிகிறது. மேலே ஒட்டிய ஃபாயில் விரியாது. அதனால் படம் உள்பக்கமாகச் சுருள்கிறது. சாதாரண அட்டையில் அவ்வளவு மோசமில்லை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்து வீட்டு அலமாரியில் ஒரு மாதம் வைத்தேன், பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டன. இப்போது ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உறை, நல்லதற்கு டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை, எல்லாம் ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பாவில், கூடவே சிலிக்கா ஜெல். ஆல்பம் வாங்கினால் பிவிசி தாள் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

கார்டை அமெரிக்காவுக்கு அனுப்பி, அது எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று 10க்கு இத்தனை மார்க் வாங்கி, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் பூட்டி வைப்பார்கள் சிலர். விற்பவருக்குச் சரி. ரப்பர் பேண்டுத் தழும்போடு என் லாரா பாஸாவதே கஷ்டம்.

ஒரு குறை தீரவில்லை. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானவர், அவர் கார்டு ஒன்றுகூட என்னிடம் சிக்கவில்லை. புலம்பல் தாங்காமல் மகள் சார்ட் அட்டையை 63க்கு 88 மில்லிமீட்டர் அளந்து வெட்டி, படம் வரைந்து, டெஸ்ட் 1, ஒருநாள் 2, டி20 4 என்று எழுதித் தானே ஒரு கார்டு செய்துகொண்டாள். போன ஞாயிறு ஆட்டத்தில் 131 டெஸ்ட் ஆடிய என் கபில்தேவிடம் அதைத் தோற்றாள்.

"அது நான் செஞ்சதுப்பா, குடுங்க" என்றாள். ஆட்டம்னா ஆட்டம்தான் கண்ணு என்று சொல்லிவிட்டேன். லாராவுக்கு அடுத்த உறையில் இருக்கிறது.