பழைய விண்டோஸ் மென்பொருளும் வைனும்: கொழும்பு அச்சகமொன்றின் மதிப்பீடு

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதும், கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் அச்சகத்துக்கு ஒரு கேள்வி எழுந்தது. பாமினி எழுத்துருவில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்துள்ள திருமண அழைப்பிதழ்களையும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் (இறந்தோர் நினைவு மலர்களையும்) திறக்கும் பழைய மென்பொருளைக் கைவிடாமல், கணினியை மட்டும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்ற முடியுமா?

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் வைன் (Wine) அதற்கு இடமளிக்கிறது. அது 1993இல் தொடங்கப்பட்டு 2008இல்தான் 1.0 பதிப்பை எட்டியது. அது விண்டோஸை முழுதாக ஏற்றும் மெய்நிகர் கணினி அன்று. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பவற்றை லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றித் தருவது. ஆகவே விண்டோஸ் உரிமமும் தேவையில்லை, நினைவகமும் அதிகம் வேண்டியதில்லை. இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்க மறுக்கும் பழைய 16 பிட் நிறுவிகளைக்கூடப் பல வேளைகளில் இது இயக்கிவிடுகிறது.

கோளாறு வரும்போதுதான் வைனின் உண்மையான தரம் தெரிகிறது. ஐகனைச் சொடுக்கினால் எதுவும் நடவாமற் போகும் மென்பொருளை டெர்மினல் எனப்படும் கட்டளைச் சாளரத்திலிருந்து இயக்கினால், அது எங்கே தடுக்கி விழுந்தது என்பது வரிவரியாக வரும். 'ஃபிக்ஸ்மீ' (fixme) என்று தொடங்கும் வரிகள் புதியவரை மிரட்டுமே தவிர, அவற்றிற் பெரும்பாலானவை பொருட்படுத்தத் தக்கவை அல்ல. 'எர்ர்' (err) என்று தொடங்குபவற்றையே முதலில் வாசிக்க வேண்டும். எம்எஃப்சி42 என்ற டிஎல்எல் (மென்பொருளுக்குத் தேவையான துணைக் கோப்பு) கிடைக்கவில்லை என்று அங்கே தெரிந்தால், வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக்கருவி மூலம் அதைச் சேர்ப்பது சில நிமிட வேலை. ஆயினும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பிரிஃபிக்ஸ் எனப்படும் தனிக் கோப்புறை அமைத்துக்கொள்வது அவசியம். அப்போது ஒன்றுக்காகச் சேர்த்த டிஎல்எல் இன்னொன்றை முடக்காது. ஏதேனும் பிசகினாலும் அந்தப் பிரிஃபிக்ஸை மட்டும் அழித்து மீண்டும் தொடங்கலாம். பணம் பெற்று வைனை நிறுவித் தருவோரிடம் முதலிற் கேட்க வேண்டியதும், தனிப் பிரிஃபிக்ஸ் அமைப்பார்களா என்பதே.

தமிழ் அச்சகங்களுக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், லினக்ஸின் தமிழ் விசைப்பலகை இயங்கும் நிலையில் யூனிகோட் என்ற இன்றைய பொது எழுத்துக் குறிமுறையை அறியாத பழைய மென்பொருளில் தட்டச்சிட்டால் கேள்விக்குறிகளே விழும். பழி வைனுக்கு வரும். தீர்வோ விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான்.

வைனில் எந்த மென்பொருள் எவ்வளவு நன்றாக இயங்கும் என்று பதியும் ஆப்டிபி (AppDB) தரவுத்தளம் மென்பொருள்களைப் பிளாட்டினம் முதல் 'குப்பை' வரை ஒளிவுமறைவின்றித் தரப்படுத்துகிறது. ஆனால் எந்த வைன் பதிப்பில் சோதித்தார்கள் என்பதைப் பாராமல் அந்தத் தரத்தை நம்பக்கூடாது.

யூஎஸ்பி டொங்கிள் (உரிமத்தை உறுதிசெய்யக் கணினியிற் செருகும் சிறு கருவி) கேட்கும் கணக்கியல் மென்பொருளுக்கு நான் வைனைப் பரிந்துரைக்க மாட்டேன். டொங்கிள்கள் பொதுவாக நாடும், விண்டோஸின் உட்கருவில் இயங்கும் டிரைவர்களை வைன் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. எந்த டிஎல்எல்லைச் சேர்த்தும் அக்குறை தீராது. அத்தகைய மென்பொருளைப் பழைய கணினியிலேயே, இணைய இணைப்பைத் துண்டித்து வைத்துக்கொள்வது மேல்.