டிராக் பேண்ட் தம்பியிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் அலுவலகத்தில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வங்கி அதிகாரிகள் வரும் நாளிலும் டிராக் பேண்ட், ரப்பர் செருப்பு. இதை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நான்கு வழிகள் தெரிந்தன: சுற்றறிக்கை, ஜாடைப் பேச்சு, எழுத்தில் விதி, தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது. விதியைத் தவிர மற்ற மூன்றையும் செய்து பார்த்தேன்.

முதலில் சுற்றறிக்கை. 'அனைவரும் அலுவலகத்துக்கு ஏற்றபடி உடுத்தி வரவும்' என்று எல்லோருக்கும் ஒரே மெயில். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதுதான் இதில் இருக்கும் சுகம். அன்று மதியமே அக்கவுண்ட்ஸ் அக்கா வந்து நின்றார். கஞ்சி போட்ட காட்டன் சேலையைத் தவிர வேறெதிலும் அவரை நான் பார்த்ததில்லை. "என்னையா சொன்னீங்க சார்?" என்றார். கேட்க வேண்டியவனோ மெயிலைத் திறக்கவே இல்லை.

அப்புறம் ஜாடை. "என்னப்பா, ஜிம்மிலேர்ந்து நேரா வர்றியா?" என்றேன். "இல்ல சார், வீட்லேர்ந்துதான்" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். இரண்டில் எது மோசம் என்றால் ஜாடையைத்தான் சொல்வேன். மெயிலாவது எழுத்தில் நிற்கும். கிண்டல் புரியாவிட்டால் வீண். புரிந்துவிட்டால் நாலு பேர் முன்னால் அவமானம்.

விதி எழுதுவது கொஞ்சம் பெரிய சங்கதி. 2019-இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஓர் ஆணை போட்டது. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்களுக்குச் சட்டை பேண்ட் அல்லது வேட்டி என்று உடை உடையாகப் பட்டியல். மகாராஷ்டிர அரசு 2020 டிசம்பரில் ஜீன்ஸ், டீ-சர்ட், செருப்பு மூன்றுக்கும் தடை போட்டு, சில மாதங்களிலேயே ஜீன்ஸை மட்டும் விட்டுக்கொடுத்தது. பட்டியல் போட்டால் வரும் தொல்லை இது: போட்ட கையோடு திருத்த வேண்டும். இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் மேரி பாரா. மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோது, பத்துப் பக்க உடை விதியை இரண்டே சொற்களாக்கினார்: பொருத்தமாக உடுத்துங்கள். (தமிழிலும் இரண்டே சொற்கள்தான்!) உடனே ஓர் அதிகாரி முறையிட்டார்: என் ஆட்கள் திடீரென்று அரசு அதிகாரிகளைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது, ஜீன்ஸில் போனால் நன்றாகவா இருக்கும்? உங்கள் குழுவோடு பேசிப் பாருங்கள் என்றார் பாரா. பேசினார்கள். ஒரு நல்ல பேண்ட்டை லாக்கரில் வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

விதியால் ஒரு நன்மை உண்டு. அது இருந்தால் மேலாளர் தன் சொந்த ரசனையைத் திணிக்கிறார் என்ற பேச்சு எழாது. புதிதாகச் சேருபவருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். ஆனால் 'கண்ணியமாக' போன்ற சொல்லை அதில் போட்டால் ஆளுக்கொரு அர்த்தம் வரும். கடைசியில் பெரும்பாலும் அது பெண்களின் துப்பட்டாவில்தான் போய் நிற்கும்.

எனக்குப் பலித்தது தனியாகச் சொன்னதுதான். மாலையில் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டேன். "தம்பி, வியாழக்கிழமை பேங்க்லேர்ந்து வர்றாங்க. நீதான் கணக்கை விளக்கப் போற. அன்னைக்குச் சட்டை, பேண்ட், ஷூ வேணும்" என்றேன். பழைய கதை எதையும் இழுக்கவில்லை. அவன் சொன்ன பதில் நான் எதிர்பாராதது: "பைக்ல வர்றேன் சார். மழையில ஷூ நனைஞ்சா மூணு நாளைக்குக் காயாது. பேண்ட்டும் சேறாயிடுது." இத்தனை நாளாக இதைத் திமிர் என்றே நினைத்திருந்தேன். மெயில் அனுப்பியபோதோ கிண்டல் செய்தபோதோ இந்தக் காரணம் வெளியே வரவில்லை. பதில் சொல்ல அவற்றில் அவனுக்கு இடமே இல்லையே.

தனியாகச் சொல்வதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. வேலையைப் பற்றிப் பேச வேண்டும், உடம்பைப் பற்றியோ வளர்ப்பைப் பற்றியோ ஒரு சொல் வரக் கூடாது. ஊழியர் பெண்ணாக இருந்து சொல்பவர் ஆணாக இருந்தால், மூத்த பெண் அதிகாரி ஒருவரைச் சொல்லச் சொல்வது நல்லது. ஆனால் தனக்குக் கீழே வேலை செய்யும் இன்னொரு பெண்ணின் தலையில் அதைக் கட்டுவது சுத்தக் கோழைத்தனம். வெளியாட்கள் யாரும் வராத நாளில் டீ-சர்ட்டில் வந்தால்? நான் பேசாமல் விட்டுவிடுவேன். 2015-இல் இன்ஃபோசிஸே வார நாட்களின் ஃபார்மல் உடைக் கட்டாயத்தைக் கைவிட்டுவிட்டது, நமக்கென்ன?

இப்போது அவன் மேசையின் கீழ் டிராயரில் ஒரு ஜோடி கறுப்பு ஷூவும், மடித்த பேண்ட் சட்டையும் இருக்கின்றன. அக்கவுண்ட்ஸ் அக்காவிடம்தான் அந்த மெயிலுக்கு இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.