பின் ஹவுசிங் ஆயில் மாற்றக் கொடுத்தால் டீ குடிக்கப் போகாதீர்கள்

பில் இன்னும் கேபினில்தான் இருக்கிறது. "பேக் ஆக்ஸில் ஆயில் 12 லிட்டர், லேபர் 600, மொத்தம் 4,920." இந்தப் பன்னிரண்டு லிட்டரில் என் வண்டிக்குள் போனது இரண்டோ மூன்றோதான். அது எனக்குத் தெரியவர நான்கு மாதமும் ஒரு கிரவுன் பினியன் செட்டும் ஆனது. (பின் ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூடுதான் ஹவுசிங். அதற்குள் சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கர ஜோடியில் பெரியது கிரவுன், சின்னது பினியன்.)

நாமக்கல் பக்கம் ஆறு சக்கர வண்டி ஒன்று வைத்து நானே ஓட்டுகிறேன். தாவணகெரேயிலிருந்து கோழித்தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றி வருவதுதான் முக்கால்வாசி நடை. வண்டி செகண்ட் ஹாண்டில் எடுத்தது. முன்பு வைத்திருந்தவரிடம் கிரவுன் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருங்க மாத்தறாங்க" என்று சிரித்தார். லைனில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். இஞ்சின் ஆயில் மாற்ற நாள் குறித்து வைத்திருக்கிற அதே டிரைவர், பின்னால் ஹவுசிங்குக்குள் ஆயில் இருக்கிறதா என்று வருடக்கணக்கில் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டால், சமதரையில் அரை லோடு ஓடும் வண்டி பல வருடம் பழைய ஆயிலிலேயே ஓடிவிடும், பொய் சொல்லவில்லை. ஆனால் முழு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறி இறங்குகிற வண்டிக்கு அந்தக் கணக்கு ஆகாது. நம் லாரிகள் பலவற்றில் பினியன், கிரவுன் வீலின் நடு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லோடு பல் உருள்வது மட்டுமில்லை, அழுத்தத்தோடு வழுக்கி உரசவும் செய்யும். சாதா ஆயில் அந்த அழுத்தத்தில் பிதுங்கிப் போய்விடும். அதற்காகத்தான் கந்தக மருந்து கலந்த ஜிஎல்-5 ஆயில். புது டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கிற அந்த நாற்றம் அதுதான். மருந்து தீர்ந்து, தேய்ந்த இரும்புத் தூளும் சேர்ந்துவிட்டால் அப்புறம் அது ஆயில் இல்லை, அரைக்கிற விழுது. எவ்வளவு ஓட்டத்துக்கு ஒருமுறை என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். யார் எப்போது மாற்றினார் என்றே தெரியாமல் வாங்கிய வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நானும் யோசிக்கவில்லை. ஜனவரியில் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கான சோதனை, முடிந்தது. வழக்கம்போல வண்டி அடிப்பக்கம் முழுக்க கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிப்ரவரியில் பைபாஸில் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம், ஒரு பட்டறையோடு போகிற விஷயமும் இல்லை இது. இரவெல்லாம் ஓட்டி வந்த அசதி. "அண்ணா, பின்னாடி ஆயில் மாத்தி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்தேன், அங்கேயே கயிற்றுக் கட்டிலில் தூங்கியும் போனேன். எழுந்து வந்தபோது வேலை முடிந்திருந்தது. வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தது, பையன் கையெல்லாம் ஆயில், பில் தயார். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது?

ஜூன் மாதம் தாவணகெரேயில் லோடு ஏற்றிக்கொண்டு சித்ரதுர்கா தாண்டியதும் பின்னாலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம். ஐம்பதில் போனால் வருகிறது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுருதி மாறுகிறது. டயர் சத்தம் என்றால் கால் எடுத்ததும் இப்படி மாறாது. வயிற்றில் புளி கரைத்தது. பெங்களூரைத் தாண்டிவிடலாம், கிருஷ்ணகிரியில் பார்க்கலாம், தருமபுரியில் பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டே வந்துவிட்டேன். தொப்பூர் இறக்கத்தில் கியரில் போட்டு இறக்கும்போது அது ஊளையில்லை, அழுகை. இறக்கம் முடிந்ததும் ஓரங்கட்டி ஹவுசிங்கில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தீய்ந்த நாற்றம் வேறு. நாமக்கல் வரை முப்பதில் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

இங்கே எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வயதானவர். வண்டிக்கு அடியில் படுத்தவர் எதையும் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எப்ப ஆயில் மாத்துனே?"

"பிப்ரவரிலங்ணா."

"எஃப்சிக்கு எப்பப் பெயிண்ட் அடிச்சே?"

"ஜனவரி."

டார்ச்சை அடித்துக் காட்டினார். பக்கவாட்டில் இருக்கிற, ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக்கில் பெயிண்ட் உடைந்து ஸ்பானர் பட்ட இடம் பளபளவென்று தெரிந்தது. அடியில் இருக்கிற, பழைய ஆயிலை இறக்குகிற டிரைன் பிளக்கிலோ பெயிண்ட் அப்படியே இருந்தது. பிளக்கும் ஹவுசிங்கும் சேருகிற விளிம்பில்கூட ஒரு கீறல் இல்லை, பெயிண்ட் ஒரே தோலாக மூடியிருந்தது. ஜனவரிக்குப் பிறகு அந்தப் பிளக்கை யாரும் தொடவே இல்லை.

திறந்ததும் வந்தது தார். அளந்து பார்த்தால் ஏழு லிட்டர்கூடத் தேறவில்லை. டிரைன் பிளக்கில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போல நைசாக ஒட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, எந்த வண்டியிலும் இருப்பதுதான். (அதையே காட்டி "கிரவுன் போச்சு" என்று பயமுறுத்திக் காசு பார்க்கிறவர்களும் உண்டு, அது தனிக் கதை.) என் பிளக்கில் ஒட்டியிருந்தது சில்லு சில்லாக இரும்பு, நெருஞ்சி முள் மாதிரி. பினியன் பல்லில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது.

ஆயில் எங்கே போனது என்றும் கண்டுபிடித்தார். ஹவுசிங் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும், உள்ளே சூடாகிற காற்று வெளியேறுகிற வழி அது. மண் அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. காற்றுக்குப் போக வழியில்லை, ஆயில் கசியாமல் தடுக்கிற பினியன் சீலை அழுத்தம் தள்ளிவிட்டது, சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. பட்டறையில் பழைய ஆயிலை ஒழுங்காக இறக்கியிருந்தால் அந்தக் கறுப்பையும் சில்லையும் பார்த்திருப்பார்கள், நானும் அப்போதே சுதாரித்திருப்பேன். அந்த ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பழக்கி வருவது, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. என் வண்டிக்குப் பினியனில் 6, கிரவுனில் 41 பல். செட், பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 43,000 ஆனது. வண்டி ஆறு நாள் நின்றது, அந்த மாத டியூவுக்கு மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போனது.

பில்லையும் செல்போனில் எடுத்த படத்தையும் எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். ஓனர் அசரவில்லை. "தம்பி, நாங்க டிரைன் பிளக்கைக் கழட்டறதில்ல. மேல் ஓட்டை வழியா பம்பு வச்சு உறிஞ்சிடுவோம்" என்றார். ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அப்படியும் செய்வார்கள்தான். "எந்தப் பம்புங்ணா, காட்டுங்க" என்றேன். சுவரில் தொங்கியதைக் காட்டினார். டப்பாவிலிருந்து ஹவுசிங்குக்கு ஏற்றுகிற கைப்பம்பு.

"அப்ப நாலு மாசத்துல எப்படிங்ணா தார் மாதிரி ஆகும்?"

"லோடு அடிச்சா ஆயில் கறுக்கத்தான் செய்யும்."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இஞ்சின் ஆயில் சீக்கிரம் கறுக்கும், டீசல் எரிகிற கரி அதில் சேர்கிறது. ஹவுசிங்குக்குள் எது எரிகிறது? அங்கே நல்ல ஆயில் நான்கு மாதத்தில் தாராக வழியே இல்லை. அதைச் சொன்னதும் குரல் ஏறியது, அப்புறம் இறங்கியது. கடைசியில் மேஜை டிராயரைத் திறந்து 2,000 ரூபாய் வைத்தார். வாங்கிக்கொண்டேன். மானம் ரோஷம் பார்த்து விட்டுவிட்டு வர எனக்கு வசதியில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். வண்டி கொஞ்சம் ஓடிச் சூடாக இருக்கும்போது சமதரையில் நிறுத்தி, முதலில் ஃபில்லர் பிளக்கைக் கழற்றச் சொல்வேன். அது துருப்பிடித்து வராமல் போய், அடியில் திறந்துவிட்டிருந்தால் புது ஆயில் ஏற்ற வழியில்லாமல் நிற்க வேண்டும். டிரைன் பிளக் கழற்றும்போது கூடவே குனிந்து காந்தத்தைப் பார்ப்பேன். பழைய ஆயிலை என் கேனில்தான் பிடிக்கச் சொல்வேன், எத்தனை லிட்டர் என்று அதிலேயே தெரியும். புது டப்பாவின் சீல் என் கண்முன் உடைய வேண்டும். என் வண்டிக்கு 85டபிள்யூ-140 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிற எண்), ஜிஎல்-5. பில்லில் வெறும் "கியர் ஆயில்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கியர்பாக்ஸுக்கு வைத்திருக்கும், அந்த மருந்து குறைவான ஜிஎல்-4 ஆயிலையே இதற்கும் ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபில்லர் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டால் கீழ் விளிம்பில் ஆயில் தட்ட வேண்டும், அவ்வளவுதான் அளவு. தாராளமாக இருக்கட்டும் என்று மேலே ஏற்றினால் சக்கர நடுவிலிருக்கும் ஹப் சீல் வழியாகக் கசிந்து பிரேக் லைனரை நனைத்துவிடும். பிரீதர் மூடியைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். முடிந்ததும் இரண்டு பிளக்கிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. இதைப் பார்த்து "எங்க மேல நம்பிக்கை இல்லையாண்ணா?" என்று ஒரு பையன் கேட்டான். "உன் மேல இருக்குப்பா, என் தூக்கத்து மேலதான் இல்ல" என்றேன்.

போன மாதம் இறக்கிய பழைய ஆயில் கேனோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மாட்டுக் கொட்டகைக் கம்பங்களுக்குக் கறையான் வராமலிருக்க அப்பா அதைப் பூசிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு லிட்டர் முழுசாக இருந்தது.