கான்டெஸாவா, ஸ்டாண்டர்டு 2000-ஆ?

பழைய கார் வாங்குவதென்றால் எது? இரண்டும் எண்பதுகளில் இந்தியாவில் வந்த கார்கள். இரண்டுக்கும் உடம்பு இங்கிலாந்துடையது, இன்ஜின் மட்டும் பழசு.

இந்துஸ்தான் கான்டெஸா, வாக்ஸால் விக்டரின் உடம்பு. அதற்குள் அம்பாசிடரில் ஓடிய 1.5 லிட்டர் இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். வெறும் 50 குதிரைத்திறன். நீளமான பானெட்டைத் திறந்தால், பெரிய பாத்திரத்தில் ஒரு பிடி சோறு போலக் கிடக்கும். பிறகு இசுஸு 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது, வண்டிக்கும் உயிர் வந்தது. இன்றைக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேடுகிறார்கள். ஓட்டுவதற்கு அதுவே சரி.

ஸ்டாண்டர்டு 2000 கதை இன்னும் சோகம், அதனாலேயே எனக்கு இன்னும் பிடிக்கும். சென்னையில் தயாரான வண்டி, 1985-இல் வந்தது. உடம்பு ரோவர் எஸ்டி1. சரிந்த மூக்கும் பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் பின்கதவுமாக, அந்தக் காலத்து நம் சாலையில் அப்படி ஒன்று கிடையாது. இங்கிலாந்தில் இதே உடம்புக்கு 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் இருந்தது. நமக்குக் கிடைத்தது 1940-களின் வான்கார்டு கார் வழிவந்த 2 லிட்டர் நாலு சிலிண்டர். ஃபெர்குசன் டிராக்டரில் உழுத குடும்பம் அது! பணக்காரர்களுக்கென்று விற்ற காரில் டிராக்டரின் ஒன்றுவிட்ட தம்பி. சில வருடங்களிலேயே கடையை மூடிவிட்டார்கள்.

தினமும் ஓட்ட வேண்டுமா? இசுஸு கான்டெஸா. பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் நாலு பேர் வந்து "இது என்ன வண்டி சார்?" என்று கேட்க வேண்டுமா? ஸ்டாண்டர்டுதான். ஆனால் அதன் கண்ணாடியோ டெயில் லைட்டோ உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜினையாவது தட்டிக்கொட்டி ஓட வைத்துவிடலாம்.