செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஆண்டுக்கணக்கான பயன்பாட்டில்: எது தேயும், எது தேயாது

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மூடியில் உள்ள கீறலை. அடுத்துக் கேட்பது, “ஏன் விற்கிறீர்கள்?” இரண்டாலும் பயனில்லை. கீறல் வேகத்தைக் குறைக்காது. விற்பவர் சொல்லும் காரணத்தைச் சரிபார்க்க வழி கிடையாது. ஆனால் சந்தேகப்படுவது நியாயம்தான். குறை எதுவென்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில் எல்லாப் பொருளுக்கும் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். அந்த விலைக்கு நல்ல பொருளை யாரும் வெளியே எடுக்கமாட்டார்கள். ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் பழைய கார்களை வைத்து இதை விளக்கினார், 2001இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். காரை விட லேப்டாப்பில் ஒரு வசதி உண்டு. தன் உடம்பில் எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கணக்கைப் பெரும்பாலும் அதுவே எழுதி வைத்திருக்கும். கேட்கத் தெரிந்தால் சொல்லிவிடும்.

வாங்குவதானால் நிறுவனங்கள் குத்தகை முடிந்து மொத்தமாகக் கழித்துவிடும் ரகங்களையே வாங்குங்கள்: திங்க்பேட் டி வரிசை, டெல் லேட்டிட்யூட், எச்பி எலீட்புக் போன்றவை. மூன்று நான்கு ஆண்டுகள் அலுவலக மேசையில் இருந்தவை. அதே வயதுள்ள, வீட்டு உபயோகத்துக்கென்று மெலிதாகவும் மினுமினுப்பாகவும் செய்த மாடல்களில் முதலில் போவது கீல். மூடியைத் திறந்து மூடும் அழுத்தத்தில், கீல் திருகு பிடித்திருக்கும் பித்தளைக் குமிழ் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், ஒட்டினாலும் நிற்காது. மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்து மெதுவாகத் திறந்து பாருங்கள். கீல் பக்கம் விளிம்பு வாய் பிளந்தாலோ ‘கடக்’ என்று சத்தம் வந்தாலோ அங்கேயே விட்டுவிடலாம். அலுவலக ரகங்களுக்கு இன்னொரு பலன், அவற்றின் பழுதுபார்ப்புக் கையேடு படங்களோடு வெளிப்படையாகக் கிடைக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். ‘பழையதை வாங்கினால் ரிப்பேருக்கே அலைய வேண்டும்’ என்ற பேச்சு பெரும்பாலும் தவறான ரகத்தை வாங்கியவர்களிடமிருந்து வருகிறது.

வயதுக்கு ஒரு கோடு போட வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறை முதலான சிப் வேண்டும். அதற்கு முந்தையதை லினக்ஸ் போடத் தெரிந்தவர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு அது சிக்கனமே இல்லை.

கையில் வாங்கியதும் முதல் வேலை பூட்டுகளைப் பார்ப்பது. வேகம், திரை எல்லாம் பிறகு. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) நுழைந்து ஏதாவது ஓர் அமைப்பை மாற்றி, சேமித்து வெளியே வாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால், விற்பவர் அங்கேயே எடுத்துத் தராதவரை பணம் கொடுக்கக் கூடாது. பல மாடல்களில் அதை நீக்க மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். பயாஸில் காட்டும் சீரியல் எண்ணும் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் போர்டு மாறியிருக்கிறது, அல்லது பொருளே சரியான வழியில் வந்ததில்லை. அடுத்து, விண்டோஸை முழுதாக ரீசெட் செய்து, அமைப்புத் திரை வந்ததும் இணையத்தோடு இணையுங்கள். பழைய நிறுவனத்தின் பட்டியலில் அந்த இயந்திரம் இன்னும் இருந்தால், இணையம் கிடைத்த மறுகணம் அந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கும். இணையம் இல்லாமல் ரீசெட் செய்து காட்டினால் இது தெரியவே தெரியாது. அதனால்தான் சிலர் வைஃபை இல்லை என்று சாக்குச் சொல்வார்கள். மேக்கிலும் இதே கதைதான், அங்கே பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு பிணைந்த ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டு ஒன்று கூடுதலாக உண்டு. பழைய ஆண்ட்ராய்டு போனில் ரீசெட்டுக்குப் பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விற்பவர் போட்டுத் தந்த விண்டோஸை அப்படியே பயன்படுத்தாதீர்கள். திருட்டு ஆக்டிவேட்டர் (உரிமம் வாங்காமலே விண்டோஸைச் செல்லுபடியானதாகக் காட்டும் மென்பொருள்) போட்ட நிறுவலில் கூடவே வேறு எதுவும் ஒட்டிக்கொண்டு வரலாம். விண்டோஸோடு விற்ற அலுவலக ரகங்களில் உரிமக் குறியீடு மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். உங்கள் சொந்த யுஎஸ்பியிலிருந்து புதிதாக நிறுவினால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆகவில்லை என்றால், அதுவும் ஒரு தகவல்.

கோப்புகளைச் சேமிக்கும் டிரைவைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்ற எண்ணைப் படியுங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்று மூன்றாண்டு அலுவலகத்தில் ஓடியிருந்தால் 6,000 மணி நேரத்தை ஒட்டி வரும். ‘அதிகம் பயன்படுத்தவில்லை’ என்று சொல்லப்படும் டிரைவ் 25,000 காட்டினால், அது ஏறக்குறைய மூன்று ஆண்டு இரவு பகலாக அணையாமல் ஓடியிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் விற்பவர் புது டிரைவ் மாற்றியிருக்கிறார். பெயர் தெரியாத மலிவு ரகமா என்று மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிரைவ்) என்றால் மீதி ஆயுளைச் சதவீதமாகக் காட்டும், 80க்கு மேல் இருந்தால் கவலையில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ‘பெண்டிங் செக்டர்’ (படிக்கத் தடுமாறும் பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்யம் தவிர எதுவாக இருந்தாலும் அந்த டிஸ்க்கை நம்பி ஒரு போட்டோகூட வைக்கக் கூடாது. எப்படியும் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடத்தான் போகிறீர்கள்.

இனி பேட்டரி. பழைய லேப்டாப்பைப் பற்றிய மனக்கசப்பில் பெரும்பகுதி இதிலிருந்து பிறப்பதுதான், பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதும்கூட.

விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளை (powercfg /batteryreport) ஒரு பேட்டரி ரிப்போர்ட் தரும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’ தொழிற்சாலையிலிருந்து வந்தபோதைய கொள்ளளவு. ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ இன்றைய கொள்ளளவு. முதலாவது 50,000, இரண்டாவது 38,000 என்றால் 76 சதவீதம் மிச்சம். இது நல்ல நிலை. 60க்குக் கீழே போனால் புது பேட்டரியின் விலையை மனத்தில் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் கணக்குச் சிப்பை ரீசெட் செய்து, தேய்ந்த செல்லையும் புதிதுபோல் காட்ட முடியும். மெய்யான சோதனை எளிது: முழுக்க சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி, அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். சதவீதம் சீராக இறங்க வேண்டும். 70இலிருந்து திடீரென 30க்கு விழுந்தாலோ, 40 காட்டும்போதே அணைந்தாலோ, உள்ளே ஒரு செல் சோர்ந்துவிட்டது.

மாற்று பேட்டரியிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. லித்தியம் செல் பயன்படுத்தாமல் கிடந்தாலும் மூப்படையும். சீல் பிரிக்காத பெட்டி என்பதற்காக அது புதிது ஆகிவிடாது. லேபிளில் உற்பத்தித் தேதியைப் பாருங்கள். மாடல் எண்ணைவிட பேட்டரியின் மேல் அச்சிட்ட பாக எண்ணை வைத்துத் தேடினால் தவறு குறையும், ஏனெனில் ஒரே லேப்டாப் மாடலுக்கு இரண்டு மூன்று அளவு பேட்டரி வந்திருக்கும், திருகுத் துளைகூடப் பொருந்தாது.

மாற்றிய பிறகு பயாஸிலோ நிறுவனத்தின் செயலியிலோ சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். எப்போதும் வயரில் செருகியே வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு அமைப்பு பேட்டரியின் ஆயுளைக் கண்கூடாக நீட்டிக்கும். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்திருப்பதுதான் லித்தியத்துக்கு ஆகாதது. டச்பேடு அழுத்த முடியாமல் மேலெழும்பினால், அல்லது சமதள மேசையில் லேப்டாப் ஆடினால், பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜ் போடுவதை நிறுத்தி, கழற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குத்திக் காற்றை வெளியேற்றும் யோசனை எங்கிருந்தோ பரவுகிறது; அது தீப்பிடிக்கும்.

அடுத்தது சூடு. நான்கைந்து ஆண்டு ஓடிய லேப்டாப்பில் சிப்புக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பாளம்பாளமாகியிருக்கும், விசிறிக்கும் அலுமினியப் பட்டைகளுக்கும் இடையில் தூசி கம்பளிபோல் அடைத்திருக்கும். இதை ‘பழசு, அதான் மெதுவாக இருக்கிறது’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் சிப் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் முழுச்சுமை கொடுத்தால் தெரிந்துவிடும். சும்மா இருக்கும்போதே 65க்கு மேல் நின்றாலும், சுமை ஏறிய சில நொடிகளில் 95ஐத் தொட்டாலும் சுத்தம் செய்ய வேண்டும் என்று பொருள்.

அணைத்து, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் உலோகப் பகுதி) திருகுகளுக்குப் பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து இறங்குங்கள், முடுக்கும்போது 1இலிருந்து ஏறுங்கள், ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு சுற்றாக. பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அரிசி மணி அளவுக்குப் புதிதை வையுங்கள். காற்றடிக்கும்போது விசிறியின் இதழை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும். நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடைப் பிய்த்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் தடவுவது பரவலான தவறு. அந்த இடைவெளி பேஸ்ட்டுக்குப் பெரிது, சிப் சூட்டை வெளியே விடாது.

இவ்வளவும் செய்த இயந்திரம் அடுத்த நான்கைந்து ஆண்டுக்கு எழுத்து, கணக்கு, உலாவி, வீடியோ அழைப்பு எல்லாவற்றுக்கும் குறைவின்றி ஓடும். நடுவில் வருபவை சில்லறைத் தொல்லைகள். அடிப்பக்க ரப்பர் கால்கள் கழன்று விழும். தேதி நேரம் ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனால் சிஆர்2032 வகைச் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். மூடியின் ரப்பர் பூச்சு பிசுபிசுக்கும், அதே ஆல்கஹாலால் தேய்த்து எடுத்துவிடலாம். ஒன்றே ஒன்று சில்லறை இல்லை: சார்ஜ் போடும் யுஎஸ்பி சி துளை. பழைய உருளைச் செருகி பல மாடல்களில் தனி வயரோடு வரும், மாற்றுவது எளிது. யுஎஸ்பி சி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். வாங்கும்போதே செருகியை நான்கு பக்கமும் லேசாக ஆட்டி, சார்ஜ் விட்டுப்போகிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு வயரை இழுத்து வைக்காமல் தொய்வாக விடுங்கள். ராம் (நினைவகம்) போர்டிலேயே பற்றவைத்த மாடல் என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள், பிறகு கூட்ட வழியே இல்லை.

பழையதை வாங்குவது பூமிக்கு நல்லது என்ற வாதம் லேப்டாப்புக்குப் பொருந்தும். அதன் வாழ்நாள் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஃபிரிட்ஜுக்கு இது அப்படியே தலைகீழ், அங்கே பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் இழுக்கும் மின்சாரத்தில். மிகப் பழைய ஃபிரிட்ஜை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். அவசரத்துக்கு வாங்கினால் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையின்றி வந்தால் காஸ்கெட் (கதவோர ரப்பர்) போய்விட்டது. படுக்கப்போட்டுக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள், கம்ப்ரஸரின் எண்ணெய் இறங்கியாக வேண்டும்.

கேமரா லென்ஸ் பழையதே மேல் என்பேன். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, சிலந்திவலைபோலப் பூஞ்சை இல்லை, அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இதழில் எண்ணெய்க் கசிவு இல்லை என்றால் இன்னும் பல ஆண்டு நிற்கும். துணியையும் மெத்தைவைத்த நாற்காலியையும் பற்றிய தயக்கம் அழுக்கைப் பற்றியது, அதில் துணி எளிது: 60 டிகிரியில் துவைத்தால் மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாகும். மெத்தைவைத்த நாற்காலிக்கு அந்த வழி இல்லை, அதை வாங்காதீர்கள். ஹெல்மெட்டும் குழந்தைக்கான கார் இருக்கையும் கூடவே கூடாது. ஒரு மோதலில் உள்ளே நசுங்கிய நுரை வெளியே தெரியாது, தன் கணக்கை எங்கும் எழுதியும் வைக்காது. டயர் பரவாயில்லை, பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது.

கடைசியில் நீங்களே விற்கும்போது பேட்டரி ரிப்போர்ட்டையும் டிரைவின் மணிக்கணக்கையும் படமாக எடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள். கணக்குகளிலிருந்து வெளியேறி, பூட்டுகளை நீக்கி, டிரைவை முழுதாக அழித்து, இணையத்தோடு இணைத்த அமைப்புத் திரையில் நிறுத்திக் கொடுங்கள். இவ்வளவும் காட்டிவிட்டால், கீறலைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்பவரிடம் வளைந்துகொடுக்கத் தேவையிருக்காது.