வாடகை லாரியைக் கண்காணிக்க: ஜிபிஎஸ் பெட்டியா, ஓட்டுநரின் சிம்மா?

கரூரிலிருந்து டெல்லிக்கும் பானிபட்டுக்கும் திரைச்சீலை, படுக்கை விரிப்பு மூட்டைகளை அனுப்பும் எங்களுக்குச் சொந்த லாரி கிடையாது. புக்கிங் ஆபீஸ் பிடித்துத் தரும் வண்டி ஒவ்வொரு முறையும் வேறு, ஓட்டுநரும் வேறு. சாலை மட்டும் மாறுவதில்லை: தேசிய நெடுஞ்சாலை 44, ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். வண்டி எங்கே நிற்கிறது என்று அறிய மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது ஓட்டுநரின் சிம்மை வைத்துக் கண்காணிக்கும் முறைக்கு வந்திருக்கிறோம்.

ஃபாஸ்டேக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் அது கட்டாயமானது. 2022 செப்டம்பரில் தொடங்கிய, சரக்குப் போக்குவரத்துத் தகவல்களுக்கான அரசின் யூலிப் (ULIP) தளத்தின் வழியே, வண்டி எண்ணைக் கொடுத்தாலே எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்பது தெரிந்துவிடும். ஆனால் இரண்டு சாவடிகளுக்கு நடுவே பத்து மணி நேரம் பழுதாகி நின்றாலும் திரையில் பழைய சாவடியின் பெயரே இருக்கும்.

துல்லியத்தில் ஜிபிஎஸ் பெட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. எங்களைத் தோற்கடித்தது, அந்தப் பெட்டி திரும்பி வரும் வழிதான். அடுத்தவர் லாரியில் ஒயர் இழுத்துப் பொருத்த முடியாது என்பதால், சார்ஜ் போட்டு வைக்கும் சிறு பெட்டிகள் நான்கு வாங்கினோம். பானிபட்டில் சரக்கு இறங்கியதும் வண்டிக்கு கொல்கத்தா லோடு கிடைத்தால் பெட்டியும் கொல்கத்தா போய்விடும். ஓட்டுநர் மறக்காமல் கிடங்கில் கொடுத்தாலும், அங்கே யாரோ ஒருவர் அதை மேசைக்குள் போட்டுவிடுவார். ஒருமுறை பேட்டரி உள்ள பொருள் என்று கூரியரில் விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். தரைவழியாக அது வந்து சேர்வதற்குள் அடுத்த இரண்டு லோடுகள் பெட்டி இல்லாமலே கிளம்பிவிட்டன. இரண்டு பெட்டிகள் வரவே இல்லை. அவற்றின் சந்தாவை மட்டும் சில மாதங்கள் கட்டிக்கொண்டிருந்தோம்.

சிம் முறையில் திரும்பி வர வேண்டிய பொருளே இல்லை. ஓட்டுநரின் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திக்கு அவர் சம்மதம் தெரிவித்தால் போதும். பட்டன் போனாக இருந்தாலும், செல்போன் கோபுரத்தை வைத்து இடம் தெரியும். நகரத்துக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டலாம், ஆனால் எங்களுக்குத் தெரிய வேண்டியது வண்டி நாக்பூரைத் தாண்டிவிட்டதா என்பதுதான். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லுக்கும் அதுவே தேவை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் டெல்லிக்கு அது 13 நாள் செல்லும். வழியில் தாமதமானால், காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்னதாகவோ அதற்குப் பின் 8 மணி நேரத்துக்குள்ளாகவோ, வண்டி அப்போது இருக்கும் ஊரைக் குறிப்பிட்டு நீட்டித்துவிட வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓட்டுநர் தூங்கும்போது போனை அணைத்துவிட்டால் நமக்கும் இருட்டுதான். சம்மதம் தரத் தயங்குபவர்களும் உண்டு. "ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டு எங்க இருக்கீங்கன்னு கேக்க மாட்டீங்கன்னா சரிங்கண்ணே" என்று ஒருவர் சொன்னார். அன்று முதல் லோடு ஏற்றும்போதே அந்த வாக்குறுதியை நானாகவே கொடுத்துவிடுகிறேன்.

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒயர் இழுத்த ஜிபிஎஸ்ஸை விட்டு இதற்கு வர வேண்டியதில்லை. குளிர்பதனச் சரக்கு நாங்கள் அனுப்பியதில்லை; வெப்பநிலையையும் சொல்லும் பெட்டி அங்கே தவிர்க்க முடியாதது என்றே நினைக்கிறேன். எங்களிடம் மிஞ்சிய இரண்டு பெட்டிகளைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்வரும் உள்ளூர் வண்டிகளில் வைக்கிறோம். அவை மறுநாளே கைக்கு வந்துவிடுகின்றன.