வளர்ப்புக் கிளியை வெளியே கொண்டுபோக எது சரி: வெறுந்தோளா, வெட்டிய இறக்கையா, ஹார்னஸா, கூண்டா?

கிளி வளர்க்கிறவர்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், "என் புள்ள என் தோள விட்டு நகராது" என்று ஒரு பேச்சு வந்துவிடும். வீட்டுக்குள் அது உண்மைதான். ஆனால் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ கிளம்பும்போது அதை நம்பிக் கிளியை வெறுந்தோளில் கொண்டுபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஆளாளுக்குச் சொல்லும் வழிகளை எடை போட்டுப் பார்ப்போம்.

கிளி வேட்டையாடும் பறவை இல்லை, வேட்டையாடப்படும் பறவை. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதே எந்தத் திசையிலிருந்து ஆபத்து வந்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். தலைக்கு மேல் ஒரு நிழல் போனாலோ, எங்கேயோ பட்டாசு வெடித்தாலோ, பக்கத்து மாடியில் யாராவது போர்வையை உதறினாலோ, அது யோசிப்பதற்கு முன்னால் உடம்பு பறந்துவிடும். உங்கள் மேல் இருக்கிற பாசம் குறைந்து அது போகவில்லை. பயத்தில் எழும்பியது, அவ்வளவுதான். ஆனால் நிதானத்துக்கு வரும்போது நாலு வீடு தள்ளி ஒரு தென்னை மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும்.

உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கூண்டிலிருந்து ஜன்னல் கம்பிக்கும், ஜன்னல் கம்பியிலிருந்து சோபாவுக்கும் பறந்து பழகிய கிளிக்கு, நாற்பது அடி உயரத்திலிருந்து கீழே இறங்கத் தெரியாது. செங்குத்தாகக் கீழே இறங்குவது கிளிகள் பழகிக் கற்றுக்கொள்ளும் வித்தை. அதனால் நீங்கள் கூப்பிட்டால் பதில் குரல் கொடுக்கும், உங்களையே பார்க்கும், இங்கேயும் அங்கேயும் நகரும், ஆனால் இறங்கி வராது. பார்க்கிறவர்கள் "திமிரு பிடிச்சது" என்பார்கள். பாவம், அதற்கு வழி தெரியவில்லை. இதற்குள் காகங்கள் பார்த்துவிடும். ஊருக்குப் புதிதான மஞ்சளோ சாம்பலோ ஒரு பறவை தெரிந்தால் நம் ஊர்க் காகங்கள் கூட்டம் கூட்டித் துரத்தாமல் விடாது. துரத்தத் துரத்த அது இன்னும் தூரம் போகும். வல்லூறு சென்னை, கோவை மாதிரி ஊர்களுக்குள்ளேயே குடியிருக்கும் பறவை. காக்டெயில் என்ற சின்னக் கிளி இனத்தின் அளவுள்ள பறவையைத் தூக்குவது அதற்குப் பெரிய வேலையே இல்லை. மின்கம்பி இருக்கிறது. தடை போட்டும் ஒழியாத மாஞ்சா நூல் இருக்கிறது. காக்டெயிலின் மொத்த எடையே எண்பது முதல் நூறு கிராம். பழக்கமில்லாத இடத்தில் தீனியும் தண்ணீரும் கிடைக்காமல் தாக்குப்பிடிக்க அந்த உடம்பில் பெரிதாகச் சேமிப்பு கிடையாது.

அப்படியானால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதையும் நான் சொல்ல மாட்டேன். உடம்பு கால்சியத்தை எடுத்துக்கொள்ள உதவும் டி3 வைட்டமின் உருவாக நேரடி வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சமும் சூடும் இருக்கும், அந்த வேலையைச் செய்யும் புறஊதாக் கதிர் கண்ணாடியிலேயே நின்றுவிடும். ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் நிறக் கிளி வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த இனத்துக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரும் சுபாவம் உண்டு. வெறும் சூரியகாந்தி விதையைத் தின்று அறைக்குள்ளேயே வளரும் கிரேக்கு அந்த ஆபத்து அதிகம். ஆகவே வெளியே போகட்டும். எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

வெறுந்தோளில் கொண்டுபோகிறவர்கள் காட்டும் ஆதாரம் எப்போதும் ஒன்றுதான்: "இத்தனை நாளா கூட்டிட்டுப் போறேன், ஒண்ணும் ஆகல." ஒன்றும் ஆகாத நாள்களில் அதைத் திடுக்கிட வைக்கிற எதுவும் நடக்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. குஞ்சாக இருக்கும்போது ஒட்டிக்கொண்டே இருந்த கிளி, பருவத்துக்கு வந்ததும் சுபாவம் மாறுவதும் சாதாரணம். வீடியோக்களில் கடற்கரையில் தோளில் மக்கா என்ற பெரிய கிளியோடு நடப்பவர்களைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அதில் பல பறவைகள் பயிற்சி பெற்றவை. மீதிப் பறவைகள் இன்னும் பயப்படாதவை.

அடுத்தது இறக்கை வெட்டுவது. கடையில் வாங்கும்போதே "றெக்கைய கட் பண்ணிட்டோம், இனி பறக்காது" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இறக்கை நுனியில் இருக்கும் பத்துப் பெரிய இறகுகளில் ஐந்தாறை வெட்டினால் மேலே எழும்பும் விசை குறையும். காற்றில்லாத அறைக்குள் அது எடுபடும். மாடியில் காற்று அடிக்கும்போது கதை வேறு. காக்டெயில் மாதிரி உடம்பு லேசாகவும் இறக்கை நீளமாகவும் உள்ள பறவை, வெட்டிய இறக்கையோடும் காற்றைப் பிடித்து எழும்பிவிடும். கிரே மாதிரி உடம்பு கனத்த பறவையோ தொப்பென்று விழும். தரையில் மார்பெலும்பு மோதித் தோல் கிழிந்துவிடும். ஒரு பக்க இறக்கையை மட்டும் வெட்டினால் நிலை தடுமாறிச் சுழன்று விழும், அது இன்னும் மோசம். இறகு உதிர்ந்து முளைக்கும்போது ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு புது இறகு வந்தாலே பறக்கும் பலம் திரும்பிவிடும். அந்த மாற்றம் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் கிளி உணர்ந்துவிடும்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது வேறொரு விஷயத்தில். இறக்கை வெட்டிய கிளி வெளியே தப்பினால் காகத்திடமிருந்தும் பூனையிடமிருந்தும் விலகிப் பறக்கவும் அதனால் முடியாது. தப்பிப்பதையும் முழுதாகத் தடுக்காமல், தப்பிய பிறகு உயிர் பிழைக்கும் ஒரே வழியையும் இந்த வெட்டு பறித்துவிடுகிறது. ஏதோ ஒரு சிகிச்சைக்காக மருத்துவர் வெட்டச் சொன்னால் அது வேறு. வெளியே போவதற்கான பாதுகாப்பு என்று பார்த்தால் இதற்கு நான் ஒரு மதிப்பெண்ணும் தர மாட்டேன்.

காலில் சங்கிலி போடுவதை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. திடுக்கிட்டுப் பறக்கும் வேகம் முழுவதும் ஒரே காலில் வந்து இழுக்கும். எலும்பு முறியும், இடுப்பு மூட்டு விலகும்.

உண்மையான போட்டி ஹார்னஸுக்கும், கேரியர் என்ற தூக்கிச் செல்லும் கூண்டுக்கும்தான்.

ஹார்னஸ் என்பது கழுத்திலும் இரண்டு இறக்கைக்குக் கீழேயும் சுற்றி வரும் பட்டை, அதோடு ஒரு கயிறு. பறவை எழும்பினாலும் இழுப்பு உடம்பு முழுக்கப் பரவும், காலுக்கு ஆபத்தில்லை. கிளி உங்கள் கையிலேயே இருக்கும், நேரடி வெயில் படும், இறக்கையை விரித்துக்கொள்ளும். இதுவரைக்கும் எல்லாம் நல்லது. போட்டுவிடுவதுதான் பெரிய வேலை. கையில் அமுக்கிப் பிடித்து மாட்டினால் அன்றைக்குப் போட்டுவிடலாம், ஆனால் மறுநாளிலிருந்து உங்கள் கையைப் பார்த்தாலே கிளி ஓடும்.

முதலில் ஹார்னஸைத் தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைக்க வேண்டும். அதைக் கண்டு மிரளாமல் சாப்பிடத் தொடங்கியதும், கழுத்து வளையத்தைப் பெரிதாக்கிப் பிடித்து, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சூரியகாந்தி விதையை நீட்டுங்கள். முதலில் அலகு மட்டும் வளையத்துக்குள் வரும். சில நாள் கழித்துக் கண் வரைக்கும் வரும். தலை முழுதாக நுழைந்த அன்றைக்கும் பட்டையை இறுக்கக் கூடாது. விதையைக் கொடுத்து வளையத்தை எடுத்துவிடுங்கள். இறக்கையைத் தூக்கிப் பட்டைக்குள் விடும் கட்டம்தான் கடினமானது. அதற்குத் தனியாக, ஹார்னஸே இல்லாமல், இறக்கையை விரலால் லேசாகத் தூக்கிவிட்டுத் தீனி கொடுத்துப் பழக்க வேண்டும். சில கிளிகள் இரண்டு மூன்று வாரத்தில் ஒத்துக்கொள்ளும், சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலது கடைசி வரை ஒத்துக்கொள்ளாது. முதன்முதலாகப் பறக்கப் பழகும் வயதில் தொடங்கினால் சுலபம்.

போட்ட பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் போக வேண்டும். இறகுகள் பட்டைக்கு அடியில் மாட்டியிருந்தால் மெதுவாக வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிளி அதையே கொத்திக்கொண்டிருக்கும். கிளியின் அலகுக்கு நைலான் பெரிய விஷயமில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் தையலைப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கயிறு குட்டையாக இருப்பது நல்லது. நீளக் கயிற்றில் பறவை வேகமெடுத்துப் பறந்து கடைசியில் வெட்டி இழுபடும். கயிற்றின் நுனி உங்கள் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும், விரலில் பிடித்தால் போதாது.

இவ்வளவு செய்தும் ஹார்னஸுக்கு ஒரு குறை இருக்கிறது. கிளி உங்களை விட்டுப் போகாமல் தடுக்கும். மற்றவை கிளியிடம் வராமல் தடுக்காது. காகம் கொத்த வந்தாலோ, தெருநாய் பாய்ந்தாலோ, உங்கள் உடம்புதான் மறைப்பு. பூனை நகம் லேசாகக் கீறினாலே விபரீதம். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா பறவையின் ரத்தத்தில் கலந்தால் சீக்கிரமே உயிரை எடுத்துவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கேரியர் இந்த இடத்தில் முந்திவிடுகிறது. எஃகுக் கம்பி வலை வைத்த சின்னக் கூண்டு, உள்ளே தாழ்வாக ஒரு குச்சி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். கிளியும் வெளியே போகாது, காகமும் உள்ளே வராது. பழக்குவதும் ஒப்பீட்டில் சுலபம். கதவைத் திறந்து வைத்து உள்ளே தீனி வைத்தால் பாதி வேலை முடிந்தது. மருத்துவரிடம் போகவும் அதே கேரியர்தான் தேவைப்படும். 2015 சென்னை வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு, பறவையை அவசரமாகத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய நிலை வரும் என்று சொல்லத் தேவையில்லை. கேரியருக்குப் பழகிய கிளி உடனே ஏறிக்கொள்ளும்.

இதிலும் பார்த்து வாங்க வேண்டியவை உண்டு. மேலே தூக்கித் திறக்கும் கதவு வைத்த மலிவுக் கூண்டுகளை அலகால் தூக்கக் கிளிகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கிரேயும் மக்காவும் சாதாரணக் கொக்கியையும் கழற்றும். திருகு வைத்த வளையம் ஒன்றைக் கதவில் மாட்டிவிடுங்கள். முன்பக்கம் கண்ணாடிக் குமிழ் மாதிரி பிளாஸ்டிக் வைத்த பேக்பேக்குகள் இப்போது எல்லா இடத்திலும் விற்கின்றன. நம் ஊர் வெயிலில் அதற்குள் காற்று போதாமல் சீக்கிரம் சூடேறிவிடும். அந்த பிளாஸ்டிக் வழியாக வரும் வெயிலை நம்பியும் பயனில்லை. கம்பி வலை வைத்ததையே வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் காலை எட்டரைக்கு முன்னால் அல்லது மாலை நாலரைக்குப் பிறகு போங்கள். கூண்டில் பாதி நிழலில் இருக்கட்டும். கிளிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் உடனே உள்ளே கொண்டுபோய்விடுங்கள். கூண்டைத் தரையில் வைத்துவிட்டு நகராதீர்கள். பூனையின் கை கம்பிக்குள் நுழையும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் "பால்கனிலதான் வலை போட்டாச்சே" என்பார்கள். புறாவுக்குப் போட்ட நைலான் வலை அது. சன் கானூர் என்ற கிளி அதைக் கடித்து ஓட்டை போட அதிக நேரம் ஆகாது, கால் விரல் நகம் அதில் மாட்டிக்கொள்வதும் உண்டு. பால்கனியைக் கிளிக்கு விட வேண்டுமானால் அரை அங்குல இடைவெளி உள்ள எஃகு வலை அடியுங்கள். துத்தநாகப் பூச்சு வலை வேண்டாம், கிளி அதை நக்கியும் கடித்தும் விஷமேறும். உள்ளே போக ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு இருந்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்கும். செலவு கூடுதல்தான். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் தினமும் வெயில், தினமும் பறக்க இடம். சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றிலும் இதையே முதலிடத்தில் வைப்பேன்.

ஃப்ரீ ஃப்ளைட், அதாவது கயிறு இல்லாமல் திறந்த வெளியில் பறக்கவிட்டுத் திரும்பக் கூப்பிடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: அது ஏமாற்று வேலை இல்லை. அமெரிக்காவின் கிறிஸ் பைரோ போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுக்கும் கலை. இறக்கை ஒருநாளும் வெட்டப்படாத இளம் பறவையை வைத்து, அறைக்குள் கூப்பிட்டால் வருவதில் தொடங்கி, பெரிய கூடம், பிறகு திறந்த வெளி என்று படிப்படியாகப் போகிறார்கள். இடத்தையும் காற்றையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், பறவையின் மேல் ஜிபிஎஸ் கருவி மாட்டுகிறார்கள். இவ்வளவு செய்கிறவர்களே சில சமயம் பருந்திடம் பறவையை இழக்கிறார்கள். கம்பியும் காகமும் மாஞ்சாவும் நிறைந்த தெருவில், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு இதைத் தொடங்குவதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

இனத்தைப் பொறுத்தும் தேர்வு மாறும். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜி என்ற குட்டிக் கிளிக்கு ஹார்னஸ் வேண்டவே வேண்டாம், கூண்டோடு வெயிலுக்குக் கொண்டுபோனால் போதும். காக்டெயிலுக்கும் கானூருக்கும் கேரியர் முதலில், பழகினால் ஹார்னஸ் அப்புறம். கிரேக்கும் மக்காவுக்கும் இரண்டையும் பழக்குங்கள்: போகும் வழியில் கேரியர், போய்ச் சேர்ந்த இடத்தில் ஹார்னஸ். நம் நாட்டுப் பச்சைக்கிளியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.

இதையெல்லாம் மீறி ஒரு நாள் பறந்துவிட்டால், துரத்தி ஓடாதீர்கள், ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அதற்குப் பழக்கமான கூண்டைக் கதவு திறந்து, தீனியோடு மாடியில் வையுங்கள். ஜோடிப் பறவை இருந்தால் அதை இன்னொரு கூண்டில் பூட்டிப் பக்கத்தில் வையுங்கள். அதன் குரலைவிட நல்ல அழைப்பு கிடையாது. உயரத்தில் இருக்கும் கிளிக்கு நேர் கீழே நிற்காமல் கொஞ்சம் தள்ளி, பக்கத்து மாடி மாதிரி உயரமான இடத்தில் நின்று கூப்பிடுங்கள், சரிந்து இறங்கி வர அதற்குச் சுலபம். இருட்டும்போது எந்த மரத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே அங்கே போய்விடுங்கள். மின்கம்பத்தில் உட்கார்ந்திருந்தால் யாரையும் ஏற விடாதீர்கள், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடும்போது படத்தைப் போடுங்கள், காலில் இருக்கும் வளையத்தின் எண்ணை மட்டும் போடாதீர்கள். கிடைத்தது என்று யாராவது சொன்னால் அந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.